பழைய ஒலிவாங்கியும் கையிலெடுத்த திருப்புளியும்

வீட்டிலே ஒரு பொருள் பழுதுபட்டுவிட்டால் இரண்டு குரல்கள் எழுவது வழக்கம். "கடைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்" என்பது ஒரு குரல். "திருப்புளியை எடுத்து வா, நானே பார்க்கிறேன்" என்பது மற்றக் குரல். தையற்பொறியாயினும், துவிச்சக்கர வண்டியாயினும், மின்விசிறியாயினும் இந்த வழக்கு ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. முதலாவது சோம்பலின் குரல் என்றும், இரண்டாவது உலோபத்தின் குரல் என்றும் ஒருவரையொருவர் பழித்துக்கொள்வதும் உண்டு. உண்மையில் இரண்டு குரலுக்கும் அதனதன் இடத்தில் நியாயம் உண்டு. எந்த இடத்தில் எது நியாயம் என்று தெரிந்துகொள்வதுதான் கடினம்.

இந்த வாரம் அவ்வழக்கு ஓர் ஒலிவாங்கியின் பேரில் நம்மிடம் வந்திருக்கிறது. மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த மாணவர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய ஊரிலே வடமோடிக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் ஒருவர் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவருக்குத் தெரிந்த பாடல்களையெல்லாம் செம்மையாக ஒலிப்பதிவு செய்து வைக்கவேண்டும் என்பது மாணவரின் ஆசை. அதற்காக இரண்டு வருடமாகச் சேர்த்த பணத்தைக் கொடுத்து, ஒலிப்பதிவுக் கூடமொன்றில் உபயோகிக்கப்பட்ட பழைய ஒலிவாங்கியை வாங்கியிருக்கிறார். அதுவோ, மாலை வேளைகளிலே கடுகு வெடிப்பது போலச் சடசடக்கிறது. சில சமயம் குரலே மெலிந்துபோகிறது. "உள்ளேயிருக்கும் தகட்டை மதுசாரத்தில் நனைத்த பஞ்சினால் துடைத்துவிடு, சரியாகிவிடும்" என்கிறாராம் ஒரு நண்பர். "வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் திருத்தவேண்டும், வாங்கிய காசைவிடத் திருத்துகிற காசு கூடிவிடும்" என்கிறாராம் மற்றொருவர். யார் சொல்லைக் கேட்பது என்பது மாணவரின் கேள்வி.

இருவர் சொல்லையும் இப்போதைக்குக் கேட்க வேண்டா என்பதே நமது அபிப்பிராயம். அதன் காரணம் விளங்க வேண்டுமாயின், ஒலிவாங்கியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று இனங்கள்

ஒலிவாங்கியும் நம் காதைப் போன்றதே. காற்றின் அசைவை ஒரு மெல்லிய சவ்வு ஏற்றுக்கொள்ளுகிறது. அந்த அசைவு மின்னாக மாறுகிறது. மாறும் விதத்தைக் கொண்டு ஒலிவாங்கிகளைப் பெரும்பாலும் மூன்று இனங்களாக வகுப்பர்.

முதலாவது, இயங்குசுருள் ஒலிவாங்கி. சவ்வின் பின்னால் ஒரு சிறு கம்பிச்சுருள் ஒட்டப்பட்டிருக்கும். சவ்வு அசையும்போது அச்சுருள் காந்தத்தின் நடுவே அசைந்து மின்னைப் பிறப்பிக்கும். கோயில் திருவிழாக்களிலும் பள்ளிக்கூட மேடைகளிலும் நாம் காணும் உருண்டைத் தலை ஒலிவாங்கிகள் அநேகமாக இந்த இனத்தவை. அமெரிக்காவின் ஷூர் நிறுவனத்தார் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்.எம். 58 என்பது இவற்றுள் உலகப் பிரசித்தி பெற்றது. இது நல்ல உழைப்பாளி. கீழே விழுந்தாலும் பெரும்பாலும் எழுந்து வேலை செய்யும்.

இரண்டாவது, நாடா ஒலிவாங்கி. காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே ஓர் அலுமினிய நாடா தொங்கும். அந்த நாடாவின் தடிப்பு ஏறக்குறைய 2 மைக்ரோமீற்றர். சிலவற்றில் இதனினும் குறைவு. தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோமீற்றர் என்று கொண்டால், இந்த நாடாவின் மென்மை எத்தகையது என்பது புலப்படும். 1930களில் அமெரிக்க வானொலிகளில் கோலோச்சிய ஆர்.சி.ஏ. 44, பி.பி.சி.யின் பொறியியலாளர்கள் 1950களில் வடிவமைத்த 4038 ஆகியன இந்த இனத்தைச் சேர்ந்தவை.

மூன்றாவது, கொள்ளளவி ஒலிவாங்கி. மாணவர் எழுதியுள்ள அடையாளங்களைக் கொண்டு பார்த்தால், அவரிடம் இருப்பது இந்த இனமே. பொன்முலாம் பூசிய ஒரு மெல்லிய சவ்வும், அதன் பின்னால் மயிரிழை அளவு இடைவெளியில் ஓர் அசையாத் தகடும் இருக்கும். இவ்விரண்டும் சேர்ந்த பகுதியைக் கப்சியூல் என்பர். சவ்வு அசைய இடைவெளி மாறும். இடைவெளி மாற மின்கொள்ளளவு மாறும். அமெரிக்கரான வென்ட் என்பவர் 1916ஆம் ஆண்டில் இதனைக் கண்டார். ஜோர்ஜ் நொய்மன் என்பவர் 1928ஆம் ஆண்டில் பேர்லின் நகரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, இதனை ஒலிப்பதிவுக் கூடங்களின் செல்லப் பிள்ளையாக்கினார். அந்நிறுவனத்தார் 1949இல் வெளியிட்ட யூ 47, 1967இல் வெளியிட்ட யூ 87 ஆகியவற்றின் பெயரைக் கேட்டாலே ஒலிப்பதிவாளர்களின் முகம் மலரும்.

இந்த மூன்றாம் இனத்திலே ஒரு விசேஷம் உண்டு. கப்சியூலில் பிறக்கும் மின்னலை மிக மிகப் பலவீனமானது. அதனைக் காப்பாற்றும் பொருட்டு உள்ளே நூறு கோடி ஓம் அளவுள்ள தடையிகளை வைத்திருப்பர். இத்தகைய இடத்திலே விரலின் எண்ணெய்ப் பசையோ, கடற்காற்றின் ஈரமோ சிறிது படிந்தாற்கூடப் போதும். மின் தனக்கென ஒரு குறுக்குவழியைத் தேடிக்கொள்ளும். அந்தக் குறுக்குவழியில் அது கசியும் ஓசைதான் நம் மாணவர் கேட்ட கடுகு வெடிக்கும் ஓசை. மாலையில் மாத்திரம் அது கேட்பதற்கும் இதுவே காரணமாகலாம். பொழுது சாய, காற்றில் ஈரம் ஏறுகிறது.

பழுது ஒலிவாங்கியிலா?

பழுதுபார்ப்போர் முதலில் பழகிக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. "பொருளைத் திறக்குமுன் பொருளுக்கு வெளியே பார்" என்பதே அது. ஒலிவாங்கி கெட்டுவிட்டது என்று கொண்டுவரப்படுபவற்றுள் சில, கெடாதவை. கெட்டது அதனோடு இணைந்த வயராகவோ, செருகியாகவோ, மிக்ஸராகவோ இருக்கும்.

ஆகையால், முதலில் வேறொரு நல்ல வயரை மாற்றிப் பாருங்கள். அடுத்து, மிக்ஸரில் வேறொரு துளையில் இணைத்துப் பாருங்கள். பின்னர் அதே வயரில், அதே துளையில், நன்றாக வேலை செய்யும் வேறோர் ஒலிவாங்கியை இணைத்துப் பாருங்கள். இந்த மூன்று சோதனைக்கும் ஒரு சதமும் செலவில்லை. கால் மணி நேரம் போதும்.

கொள்ளளவி ஒலிவாங்கியாயின் இன்னுமொன்று கவனிக்கவேண்டும். அது தானாக வேலை செய்யாது. அதற்கு வெளியிலிருந்து மின் வேண்டும். இன்றைய வழக்கிலே மிக்ஸரிலிருந்து 48 வோல்ற்று, ஒலி வரும் அதே வயரின் வழியாகச் செல்லுகிறது. பான்டம் மின்வழங்கல் என்பது அதன் பெயர். இந்த 48 என்ற எண் வந்த வரலாறு சுவையானது. 1966ஆம் ஆண்டில் நொய்மன் நிறுவனத்தார் நோர்வே நாட்டு வானொலிக்கென்று ஓர் ஒலிவாங்கியை அமைத்தபோது, அங்கே அவசர விளக்குகளுக்காக 48 வோல்ற்று மின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதனையே எடுத்துக்கொண்டார்கள், உலகமும் பின்பற்றியது. உங்கள் மிக்ஸரில் இந்த மின்னுக்குரிய பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தாமல் விட்டு, "ஒலிவாங்கி இறந்துவிட்டது" என்று துக்கம் காத்தவர்களும் உண்டு.

நம் கைக்கு உட்பட்டவை

இவ்வளவும் பார்த்த பின்னரும் பழுது ஒலிவாங்கியிலேதான் என்று தெரிந்தால், அப்பொழுது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. "எனக்கு இது தெரியுமா?" என்பதன்று, "கூலி எவ்வளவு?" என்பதுமன்று. "நான் செய்யப்போகும் இந்தக் காரியத்தில் பிழை நேர்ந்தால், அந்தப் பிழையைத் திருத்த முடியுமா?" என்பதே அக்கேள்வி. திருத்தக்கூடிய பிழையாயின் துணிந்து கை வைக்கலாம். திருத்த முடியாத பிழையாயின், எவ்வளவு சிறிய வேலையாகத் தோன்றினாலும் கையை எடுத்துவிட வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நாமே செய்யத்தக்க வேலைகள் பல உண்டு.

வயரின் முனையிலுள்ள மூன்று ஊசிச் செருகியைத் திறந்து, அறுந்த கம்பியைப் பற்றாசு வைத்து ஒட்டுவது நமது வேலை. பிழைபட்டால் மறுபடியும் ஒட்டலாம். முதலாவது ஊசி காப்புறைக்கு, இரண்டாவதும் மூன்றாவதும் ஒலிக்கு என்பதை மாத்திரம் மறவாதிருத்தல் வேண்டும். காப்புறைக் கம்பி அறுந்தால் பெரும்பாலும் இரைச்சல் கேட்கும். ஒலிக்கம்பி ஒன்று அறுந்தால் குரல் மெலியும். நம் மாணவர் சொல்லும் மெலிவுக்கும் இது காரணமாயிருக்கலாம்.

இயங்குசுருள் ஒலிவாங்கியின் தலைக் கூடு நசுங்கியிருந்தாலும், உள்ளே ஒட்டியுள்ள நுரைப்பஞ்சு அழுக்கேறிப் பாடுவோரின் எச்சில் நாற்றம் அடித்தாலும், அதுவும் நமது வேலையே. திருகிக் கழற்றக்கூடிய கூடாயின், அதைத் தனியே கழற்றி, மென்மையான சவர்க்கார நீரிற் கழுவி, ஒரு துளி ஈரமும் இன்றி உலர்த்தி மறுபடியும் பூட்டலாம். கழற்றிய பின் எஞ்சியுள்ள பகுதியில் ஒரு சொட்டு நீரும் படலாகாது.

பழைய ஒலிவாங்கிகள் சிலவற்றில் மின்கலம் வைக்கும் இடம் உண்டு. பழைய யூ 87இலும் மின்கலங்களைப் பொருத்தி உபயோகிக்க வழியிருந்தது. அங்கே மறந்து விடப்பட்ட மின்கலம் கசிந்து உலோகத் தகடுகளில் பாசி போலப் படிந்திருக்கும். படிவு அந்தத் தகடுகளோடு நின்றிருந்தால் அதனைச் சுத்தம் செய்வதும் நமது வேலை. உட்சுற்றுக்குள் இறங்கியிருந்தால் நமது வேலையன்று.

ஈரத்தை அகற்றுவதும் நமது வேலையே. மூடினால் காற்றுப் புகாத ஒரு பாத்திரத்தில் சிலிக்கா ஜெல் பொதிகள் சிலவற்றை இட்டு, ஒலிவாங்கியை இரண்டு நாள் வைத்திருங்கள். வெயிலில் வைக்க வேண்டா. தலைமயிர் உலர்த்தும் கருவியால் சூடு காட்ட வேண்டா. அரிசிப் பானைக்குள் புதைக்கும் கைவைத்தியமும் வேண்டா. ஈரம் போகுமோ போகாதோ, அரிசித் தூசி உள்ளே போவது நிச்சயம். இரண்டு நாளின் பின் எடுத்துக் கேளுங்கள். சடசடப்பு அடியோடு நின்றிருந்தால், வெளிநாடு செல்லவிருந்த ஒலிவாங்கி வீட்டிலேயே குணமாகிவிட்டது. அன்று தொடக்கம் அதனை உலர்ந்த பெட்டியில் வைப்பதே வைத்தியம். நின்று, சில நாளில் மீண்டும் தொடங்கினால், கப்சியூலின் மீது படிந்துள்ள அழுக்கு ஈரத்தை உறிஞ்சுகிறது என்று ஊகிக்கலாம். அப்பொழுதுதான் நாம் பிறர் கையை நாடவேண்டும்.

கை வைக்கலாகாதவை

மதுசாரமும் பஞ்சும் கொண்டு துடைக்கச் சொன்ன நண்பர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால், அவர் துடைக்கச் சொன்ன சவ்வின் தடிப்பு ஏறக்குறைய 6 மைக்ரோமீற்றர். அதன்மேற் பூசிய பொன் அதனினும் எத்தனையோ மடங்கு மெல்லியது. பஞ்சு சிறிது அழுந்தினால் சவ்வு பின்தகட்டோடு ஒட்டிக்கொள்ளலாம், கிழியலாம், பொன் கழன்று வரலாம். துடைத்த அழுக்குக் கரைந்து சவ்வெங்கும் பரவுவதும் உண்டு. இவற்றுள் எது நேர்ந்தாலும் திரும்ப வழியில்லை, கப்சியூலையே மாற்றவேண்டும். கைதேர்ந்தவர்கள் காய்ச்சி வடித்த நீரும் மிக மெல்லிய தூரிகையும் கொண்டு மணிக்கணக்கிற் செய்யும் வேலை இது. வாயால் ஊதித் தூசி அகற்றுவதும் கூடாது. மூச்சோடு எச்சிலும் போகும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

நாடா ஒலிவாங்கியில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகும். அதனை ஊதினால் நாடா நீண்டுவிடும், அல்லது அறுந்துவிடும். "மின் ஓடுகிறதா பார்ப்போம்" என்று பல்மானியை வைத்துத் தடையை அளப்பதும் ஆபத்து. அந்தக் கருவி செலுத்தும் சிறு மின்னே நாடாவை அசைத்துக் கெடுத்துவிடலாம். பிழையாகப் பொருத்திய வயர் வழியே 48 வோல்ற்றும் ஏறிவிட்டால் கேட்கவே வேண்டா. பழைய நாடா ஒலிவாங்கியை வாங்கியவர் செய்யத்தக்கது, துணிப்பையில் இட்டு, படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைப்பது. நாடா மாற்றுவது நிபுணர் வேலை.

வால்வு வைத்த ஒலிவாங்கிகளில் வேறோர் ஆபத்து உண்டு. இங்கே பொருளுக்கன்று, ஆளுக்கே ஆபத்து. அவற்றின் மின்வழங்கும் பெட்டியில் நூறு வோல்ற்றுக்கு மேற்பட்ட மின் இருக்கும். சுவரிலிருந்து செருகியைக் கழற்றிய பின்னரும் உள்ளேயுள்ள கொள்ளளவிகள் அந்த மின்னைச் சிறிது நேரம் தாங்கி நிற்கும். முறையாகப் பயிலாத மாணவர்கள் அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது. பெற்றோர் இதனைக் கண்டிப்பாகச் சொல்லி வைப்பது நலம்.

இன்னும் ஒரு வகை உண்டு. அது அருமை காரணமாகக் கை வைக்கலாகாதது. யூ 47இன் உள்ளே இருந்த வி.எப். 14 என்னும் வால்வை டெலிபங்கன் நிறுவனத்தார் 1950களின் பிற்பகுதியில் நிறுத்திவிட்டனர். கையிருப்புத் தீர்ந்ததும், 1960களின் நடுப்பகுதியில், அத்தனை புகழ்பெற்ற ஒலிவாங்கியின் உற்பத்தியும் நின்றுபோயிற்று. இத்தகைய பழம்பொருளில், "இது பழையது, புதியதைப் போடுவோம்" என்று ஒரு மூலப் பாகத்தைக் கழற்றி எறிவது, பாட்டியின் அட்டியலை உருக்கி நவீன சங்கிலி செய்வதற்கு ஒப்பாகும். பொருளின் மதிப்புப் பாதியாகக் குறைந்த பின்னரே எறிந்தது என்னவென்று தெரியவரும்.

கணக்குப் பார்க்கும் முறை

இனிக் காசு விஷயத்துக்கு வருவோம். "வாங்கிய காசைவிடத் திருத்துகிற காசு கூடிவிடும்" என்று இரண்டாவது நண்பர் சொன்னார். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தப் பேச்சிலே ஒரு குறை உண்டு. வாங்கிய காசு போன காசு. அது திரும்ப வராது. ஆகவே இன்றைய தீர்மானத்தில் அதற்கு வாக்கு இல்லை.

ஒப்பிட வேண்டியவை வேறு இரண்டு. பழுதோடு இன்று விற்றால் என்ன விலை போகும் என்பது ஒன்று. பழுது நீக்கியபின் என்ன விலை பெறும் என்பது மற்றொன்று. ஒரு பேச்சுக்கு, முன்னையது 40,000 ரூபா, பின்னையது 100,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். இடையிலுள்ளது 60,000 ரூபா. கூலி, பாகங்களின் விலை, அனுப்பி எடுக்கும் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்ந்து 45,000 ரூபாவாயின் திருத்துவதே இலாபம். 70,000 ரூபாவாயின், பழுதை மறைக்காமற் சொல்லி விற்றுவிட்டு, நல்லதாக ஒன்றை வாங்குவதே புத்தி. மலிவான ஒலிவாங்கியாயின் இந்தக் கணக்கும் வேண்டியதில்லை. சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்பது அதற்கென்றே சொன்னது போல இருக்கிறது.

இங்கே இன்னொரு விசாரணையும் அவசியம். உங்களிடம் இருப்பது மெய்யான பொருள்தானா? பெயர்பெற்ற ஒலிவாங்கிகளுக்குப் போலிகள் உலகெங்கும் உலவுகின்றன. எஸ்.எம். 58க்கும் உண்டு, யூ 87க்கும் உண்டு. தொடரிலக்கம், எழுத்துப் பொறித்திருக்கும் செம்மை, எடை ஆகியவற்றை மெய்யான ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போலிக்குச் செய்யும் வைத்தியச் செலவு வீண்.

நாமே செய்வதற்கும் செலவு உண்டு என்பதையும் கணக்கில் எழுதவேண்டும். பற்றாசு வைக்கும் கோல், பல்மானி, சிறு திருப்புளிகள் என்பன காசுக்கு வாங்கும் பொருள்கள். ஆனால், இவை ஒரு பழுதுக்கு மாத்திரம் உதவிவிட்டு ஓய்வன அல்ல; பல வருடம் வீட்டுக்கு உழைக்கும். மாணவர் வீட்டிலே இவை இருப்பதை வீண்செலவு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

கொடுப்பதிலும் முறை உண்டு

பிறர் கையிற் கொடுப்பது என்று தீர்மானித்தால், கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தலாகாது. ஒலிவாங்கி திருத்துவது, வானொலிப் பெட்டியோ ஒலிபெருக்கியோ திருத்துவது போன்றதன்று. கடைப் பலகையை நம்பாமல், ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை செய்வோரிடம் விசாரித்து, கப்சியூல் வேலையிற் பழகிய கை எது என்று அறிந்து செல்லவேண்டும்.

கொடுக்குமுன் ஒலிவாங்கியைப் பல பக்கமும் படம் பிடித்து, தொடரிலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பழுதான ஓசையை ஒரு நிமிடம் பதிவு செய்து உடன் கொடுங்கள். வைத்தியரிடம் இருமிக் காட்டுவது போல, அது ஆயிரம் சொல்லைவிட நன்றாக விளக்கும். எந்த வேளையில், எவ்வளவு நேரத்தின் பின் சடசடப்புத் தொடங்குகிறது என்பதையும் எழுதிக் கொடுங்கள். செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அனுப்புவதாயின் பெட்டிக்குள் பெட்டியாக வைத்துக் கட்டுங்கள்.

செய்த நிறுவனத்துக்கே அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் எப்போதும் பலிப்பதில்லை. வியன்னா நகரில் 1947இல் தோன்றி, அருமையான ஒலிவாங்கிகளைத் தந்த ஏ.கே.ஜி. நிறுவனம், 2017இல் அந்நகரத்து நிலையத்தையே மூடிவிட்டது. பழைய மாதிரிகளுக்குப் பாகம் கிடைக்குமா என்று கேட்டறிந்த பின்னரே செலவில் இறங்கவேண்டும்.

பழகும் கைகளுக்கு

இப்படி எச்சரிக்கைமேல் எச்சரிக்கை சொல்லி, இளைஞர்களின் ஆர்வத்துக்கு அணை போடுவது நமது நோக்கமன்று. இந்த நாட்டின் வானொலி பிறந்த கதையை மாணவர்கள் அறியவேண்டும். 1923ஆம் ஆண்டில், எட்வேட் ஹாப்பர் என்னும் தந்திப் பொறியியலாளரும் அவருடைய துணைவர்களும் கொழும்பிலே பரீட்சார்த்தமாக ஒலிபரப்பு நடத்தினர். முதலாம் உலக யுத்தத்திற் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டே அந்த ஒலிபரப்புக் கருவியை அமைத்தனர் என்று சொல்லப்படுகிறது. 1925 டிசம்பரில் முறையாகத் தொடங்கிய கொழும்பு வானொலி, பின்னாளில் ஆசியாவெங்கும் புகழ்பெற்ற இலங்கை வானொலியாக வளர்ந்தது. இன்னொருவர் கழித்த பொருளைத் திருத்தி எடுத்த கைகள்தாம் அதற்கு வித்திட்டன.

ஆனால், அவர்கள் பழகிய கைகள். பழக விரும்பும் மாணவர், இரண்டு வருடச் சேமிப்பின் மேல் பழகலாகாது. யாரோ ஒதுக்கிய, பழுதுபட்ட மேடை ஒலிவாங்கி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதனைத் திறந்து, ஒவ்வொரு பாகத்தையும் கைப்பேசியாற் படம் பிடித்து, கழற்றி மீண்டும் பூட்டிப் பழகட்டும். பற்றாசு வைப்பதை உதவாத வயர்த் துண்டுகளிற் பழகட்டும். பத்து முறை பூட்டிய கைக்குப் பதினோராவது முறை நடுக்கம் இராது.

காத்திராத குரல்

மாணவர் கேளாத ஒன்றையும் நாம் சொல்லியாகவேண்டும். ஒலிவாங்கியின் பழுதுக்கு இரண்டு நாளும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். அதற்குப் பாகம் வரும், நிபுணர் வருவார், பணமும் சேரும். எண்பதைத் தாண்டிய அண்ணாவியாரின் குரல் அதுவரை காத்திருக்கும் என்று யார் உறுதி சொல்லமுடியும்? செம்மையான கருவி வரட்டும் என்று ஒத்திப்போட்டு, ஈற்றில் எந்தக் கருவிக்கும் அகப்படாமற் போன பாட்டுக்கள் நம் ஊர்களில் எத்தனை!

ஆகவே, தம்பி, ஒலிவாங்கி சிலிக்கா ஜெல்லோடு பெட்டிக்குள் இருக்கும் இரண்டு நாளில், ஒரு நல்ல மேடை ஒலிவாங்கியை இரவல் வாங்குங்கள். அதுவும் இல்லையேல் கைப்பேசி போதும். மின்விசிறியை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, அண்ணாவியாரின் வாய்க்கு ஒரு முழத் தூரத்தில் வைத்துப் பதிவு செய்யத் தொடங்குங்கள். பாட்டின் இடையே அவர் சொல்லும் விளக்கங்களையும் நிறுத்தாமற் பதியுங்கள். எடுத்த பதிவை இரண்டு இடங்களிற் பத்திரப்படுத்துங்கள். பொன்முலாம் பூசிய சவ்விலே பதிந்தால் இன்னும் இனிமையாக இருக்கும் என்பது மெய்தான். அந்த இனிமையைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். பாட்டைப் பின்னர் தேடிக்கொள்ள முடியாது.

வாசகர் எல்லார்க்கும் சுருக்கமாகச் சொல்வதாயின்: முதலில் வெளியே பாருங்கள், பிறகு உலர்த்துங்கள், பிறகு திருத்தக்கூடிய பிழையுள்ள வேலைகளை நீங்களே செய்யுங்கள். திருத்த முடியாத பிழையுள்ள இடம் வந்ததும் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, தெரிந்தவருக்குரிய கூலியை மனங்கோணாமற் கொடுங்கள். அவர் வேலை செய்யும்போது அருகில் நின்று பார்க்க இடந்தருவாராயின் அதையும் கேட்டு வாங்குங்கள். கொடுத்த கூலியோடு ஒரு பாடமும் சேர்ந்து வரும்.